எஸ்தரைக் குளிப்பாட்டியது பற்றி

4 ஜூன் 2012, திங்கள்

விடியற்காலை முதல் மழை. மின்சாரம் 5.50க்குப் போய் 8.05க்கு வந்தது. மூக்குக்கண்ணாடியின் இடப்பக்கத் திருகு மீண்டும் தளர்வு. நூல் சுற்றி வைத்திருக்கிறேன். குலசேகரம் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

கீழ்த்தளப் பலகையில் புதிய அறிவிப்பு. இரண்டு முறை படித்தேன். சாரம்:

(அ) 11ஆம் தேதி முதல் பராமரிப்புப் பெண்கள் ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து வரமாட்டார்கள். வாரச் சுழற்சி.
(ஆ) தாமாக நிற்க இயலாதவர்களுக்கு வாரம் ஒரு நாள் குளியல். எங்கள் தளத்துக்கு வெள்ளி. மற்ற நாட்களில் படுக்கையில் ஈரத்துணித் துடைப்பு.
(இ) ஆலோசனை இருப்பின் எழுத்து மூலம், 7ஆம் தேதிக்குள்.

இங்கு வந்து வரும் ஆகஸ்டில் இரண்டு ஆண்டு. தனிச் சாவி, தனிச் சமையலறை, உதவிக்கு ஆள். முதியோர் இல்லம் அல்ல, குடியிருப்பு என்று ஒப்பந்தத்தின் முதல் பத்தியே சொல்கிறது. என் மனைவி எஸ்தருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த பிறகு வீட்டில் வைத்துப் பார்க்க என்னால் இயலவில்லை. எனக்கு எழுபத்தேழு, இரண்டு முழங்காலும் சரியில்லை. வந்ததன் காரணம் அவ்வளவே.

வாரம் ஒரு நாள் குளியல். இந்த ஊரில், மழை கொட்டும் நாளிலும் இரண்டு வேளை குளித்து வளர்ந்தவளுக்கு.

எங்கள் பராமரிப்புப் பெண் புஷ்பம் இன்றும் 6.10க்கு வந்தாள். கடியப்பட்டணத்துக்காரி, பணியாளர் விடுதியில் தங்கல். ஞாயிறு பூசைக்கு ஊர் போகுமுன்னும் எஸ்தரைக் குளிப்பாட்டிவிட்டே போவாள். மின்சாரம் இல்லாததால் எங்கள் அடுப்பிலேயே வெந்நீர். நான் குளியலறைக்கு வெளியே நாற்காலியில், செய்தித்தாளோடு. கதவு சாத்தியிருக்கும். ஆனாலும் உள்ளே நடப்பது முழுவதும் தெரியும். செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்வது அவள் வழக்கம்.

“அம்மோ, எனக்க முட்டங்கைய வச்சுப் பாத்தாச்சு, இனி நீங்க வெரல வச்சுப் பாருங்க. சூடு போருமா? பைய, பைய. கழுத்தக் கெட்டியாப் பிடிங்க. நான் என்ன வக்கீல் சாரா, வெக்கப்பட?”

வக்கீல் சார் என்பது நான். எஸ்தர் சிரிப்பது கேட்டது. பாதி வாயால் சிரிக்கிற சிரிப்பு.

முண்டு என்கிற ஒற்றை வேட்டித் துணியை மார்போடு கட்டித்தான் குளியல். நனைந்த முண்டுக்குள் கைவிட்டுச் சோப்பு. எஸ்தர் சிறுமியாகக் கோதையாற்றில் குளித்தது அப்படி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வேலைக்குப் போன காலத்தில், தாழிட்ட குளியலறையில் தனியாகக் குளித்ததும் அப்படியே. மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவளைத் துணியில்லாமல் கிடத்தித் துடைத்தார்கள். பேச்சு கொஞ்சம் திரும்பியபோது முதலில் விளங்கும்படி வந்த சொல் ‘முண்டு’. நானும் மகளும் மூன்று நாள் விளங்காமல் நின்றோம். இங்கு வந்த முதல் நாள் புஷ்பம் யாரும் சொல்லாமலே அலமாரியைத் திறந்து ஒரு பழைய முண்டை எடுத்தாள்.

கடிதம் எழுதவேண்டும். நாளை.

5 ஜூன், செவ்வாய்

வரைவு முடிந்தது. ஏழு பத்தி, இரண்டு பக்கம். 1, 2: நாங்கள் யார், ஒப்பந்த விவரம். 3: உடல்நிலை. 4: தற்போது கிடைக்கும் பராமரிப்பு. 5, 6: அறிவிப்பின் (அ), (ஆ) பிரிவுகளுக்கு ஆட்சேபம். 7: வேண்டுகோள்.

பத்தி 4 முக்கியம். பொதுப்படையாக “நன்றாகக் கவனிக்கிறார்கள்” என்பது பயனற்றது. விவரம் வேண்டும். ஆகவே:

“4. பணியாளர் திருமதி புஷ்பம் நாள்தோறும் காலை 6.10 மணி அளவில், வேறெவர் உதவியுமின்றித் தாம் ஒருவராகவே என் மனைவியைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளியலறை நாற்காலியில் அமர்த்தி, மார்போடு முண்டு கட்டி, தலை முதல் கால் வரை வெந்நீரில் குளிப்பாட்டி, எவ்விதச் சிராய்ப்போ வழுக்கலோ இன்றி மீண்டும் கட்டிலில் சேர்ப்பிக்கிறார். தரமான பராமரிப்பு என்பது இதுவே ஆகையால், ஏனைய பணியாளரும் இவ்வாறே செய்யப் பணிக்கப்பட வேண்டுகிறேன்.”

எஸ்தருக்கு வாசித்துக் காட்டினேன். நான்காம் பத்தியில் இடது கையைத் தூக்கினாள்.

“எழுதாண்டாம்.”

“ஏன்?”

“பேரு… போடாண்டாம்.”

பெயர் குறிப்பிடாத பாராட்டு யாரையும் சேராது என்று விளக்கினேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இப்போதெல்லாம் எதற்கும் அச்சம்.

மாலையில் எதிர்வீட்டுத் தங்கையா கட்டன் சாயா குடிக்க வந்தார். குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தவர், மனைவி இல்லை. கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

“ஓய் வக்கீலே, நல்ல பிள்ளைன்னு வாயால சொன்னா போராதா? அதையும் பத்தி பிரிச்சு நம்பர் போட்டுத்தான் சொல்லணுமா?”

வாய்ச்சொல் நிற்காது என்றேன். குழித்துறை நீதிமன்றத்தில் நாற்பது ஆண்டு அதைத்தான் கண்டிருக்கிறேன்.

சர்க்கரை டப்பாவில் எறும்பு. வெயில் வந்தால் காய வைக்க.

6 ஜூன், புதன்

கடிதம் 10.20க்கு அலுவலகத்தில் சேர்ப்பிக்கப்பட்டது. நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொண்டேன். மேலாளர் பிரபா அம்மையார் வெளியே சென்றிருந்தார்.

மனம் இலகுவாக இருக்கிறது. மதியம் பலாக்கொட்டைத் துவரன். எஸ்தர் நான்கு வாய் அதிகம் உண்டாள்.

7 ஜூன், வியாழன்

மழை இல்லை. கண்ணாடித் திருகு சரி செய்யப்பட்டு வந்தது.

புஷ்பம் உள்ளே வரும்போதே சிரிப்பு.

“சாரே, எனக்கப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கியளாம்? ஆபீசுல டைப் அடிக்கிய பிள்ள சொல்லிச்சு. எனக்க மாப்பிள கல்யாணத்துக்கு முன்ன எழுதின லெட்டரே அரைப் பக்கமாக்கும். அதுலயும் பாதி வள்ளத்தப் பத்தி.”

“உள்ளதைத்தான் எழுதினேன்.”

“எம்மா, கேட்டியளா? ஒங்க மாப்பிள என்னைய நல்லவன்னு கவர்மெண்டுக்கே எழுதியாச்சு. இனி எனக்கிட்ட மொகறைய காட்டப்பிடாது.”

எஸ்தர் சிரிக்கவில்லை. புஷ்பத்தின் முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். புஷ்பம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தேங்காயெண்ணெய் சூடாக்கி, தலை பின்னி, கழுத்தில் பவுடர் போட்டு, 6.55க்குப் போனாள்.

8 ஜூன், வெள்ளி

6.10க்கு யாரும் வரவில்லை. 6.40க்கு மணி அடித்தேன். “இன்னைக்கு லேட்டாவும் சார்” என்று மட்டும் பதில்.

11 மணிக்கு மேலாளர் அழைத்தார். செவிலியர் பயிற்சி பெற்றவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மேசையில் என் கடிதம். பத்தி 4இல் மூன்று இடத்தில் பச்சை மையில் அடிக்கோடு: ‘நாள்தோறும்’, ‘தாம் ஒருவராகவே’, ‘முண்டு கட்டி’.

“சார், உங்க லெட்டர் ரொம்பத் தெளிவா இருக்கு. அதுதான் கஷ்டமாப் போச்சு.”

ஏப்ரலில் இரண்டாம் தளத்தில் ஒருவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது எனக்குத் தெரியும். காரணம் எனக்குத் தெரியாது, இன்று சொன்னார். காலில் சுற்றிய ஈரத்துணி. தூக்கியவர் ஒருவர் மட்டுமே. அதன் பிறகு இரண்டும் தடை. எல்லாப் பணியாளரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், புஷ்பத்திடமும்.

“ஒரு முறைகூட அவள் எஸ்தரை வழுக்கவிட்டதில்லை” என்றேன்.

“அவரும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் விழல்ல சார்.”

பிறகு ஒப்பந்தத்தின் பிரிவு 11ஐத் திருப்பிக் காட்டினார். “படுக்கையிலிருந்து எழுப்புதலும் நகர்த்துதலும் இரு பணியாளரால் மட்டுமே.” அச்சிட்ட படிவத்தில் அது இல்லை. பக்க ஓரத்தில் கையால் எழுதிச் சேர்க்கப்பட்டது. கையெழுத்து என்னுடையது. 2010 ஆகஸ்டில், எஸ்தரின் பாதுகாப்புக்காக, நானே வற்புறுத்திச் சேர்த்தது.

“நாங்க பாத்தும் பாக்காம இருந்தோம் சார், ஒண்ணுரெண்டு பேரு விஷயத்துல. இப்ப எழுத்துல வந்தாச்சு. ஃபைல்ல ஏறியாச்சு. இத நடத்துற டிரஸ்டு ஆளுங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

புஷ்பம் இன்று முதல் துணி வெளுக்கும் கொட்டகைக்கு. விசாரணை முடியும் வரை. எஸ்தருக்கு வெள்ளிக் குளியல் அடுத்த வாரம் முதல்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

எஸ்தரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு கிடந்தாள். “சொன்னேனே” என்றாள். அவ்வளவுதான்.

9 ஜூன், சனி

காலை 7.25. இருவர்: ஷைனி, பிந்து. கையுறை, பிளாஸ்டிக் பாத்திரம், நான்கு துணி. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். நான் சமையலறை வாசலில்.

“முண்டு கட்டிவிடுங்கள், அலமாரியில் இருக்கிறது” என்றேன்.

“பெட்ல வச்சுத் தொடைக்கும்ப துணி கெட்டப்பிடாது சார். மேல போர்வ போட்டிருக்கோம்.”

போர்வை இருந்தது. உண்மை.

திரைக்குள்ளிருந்து:

“பாட்டி, கைய எடுங்க. எடுங்க பாட்டி.”

“ஏட்டி, சார்ஜர நீதானே கொண்டு போன?”

“நான் எதுக்கு கொண்டு போறேன்? அந்தப் பக்கம் திருப்பு. ஒண்ணு, ரெண்டு…”

“போனு செத்துக் கெடக்கு, அவரு விளிச்சா என்ன செய்ய?”

“பாட்டி, கை.”

ஒன்பது நிமிடம். கடுமை இல்லை, அலட்சியம் என்றும் சொல்ல முடியாது. முகம், கழுத்து, அக்குள், முதுகு, இடுப்புக்குக் கீழ், பாதம், உடை மாற்றம், படுக்கை விரிப்பு: கதவின் பின்னால் ஒட்டியுள்ள தாளில் எட்டுக் கட்டமும் குறியிடப்பட்டன. எட்டும் செய்யப்பட்டவை. குறை என்று நான் எழுதக்கூடியது ஒன்றும் இல்லை.

எஸ்தர் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. “தல” என்றாள். தலை கழுவுதல் தாளில் இல்லை. வறண்ட சீப்பால் வாரிவிட்டேன். சிக்கு. வலித்திருக்க வேண்டும்.

10 ஜூன், ஞாயிறு

கீழ்க்கூடத்தில் 9 மணி ஆராதனைக்கு எஸ்தர் வர மறுத்தாள். இங்கு வந்த நாள் முதல் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. காரணம் கேட்டேன். தலையைத் தொட்டுக் காட்டினாள். நானும் போகவில்லை.

மஸ்கட்டிலிருந்து மகள். “அப்பா, ப்ளீஸ், அவங்ககூட சண்ட போடாதீங்க. நாங்க இங்க இருந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்?” சண்டை எதுவும் இல்லை என்றேன். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். எஸ்தர் வேண்டாம் என்று தலையசைத்தாள். தூங்குகிறாள் என்று சொன்னேன். மகள் வைத்துவிட்டாள்.

தங்கையா முழுவதையும் கேட்டார். “மழக்காலத்துல ரப்பர் மரத்துக்கே பாவாடை கெட்டித்தான் பால் வெட்டுவோம் ஓய். வெள்ளம் எறங்கப்பிடாதுன்னு, பிளாஸ்டிக்கு பாவாடை. மரத்துக்கு இருக்க மரியாத மனுசிக்கு இல்லியா?” எஸ்தர் உதடு அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

அவர் போகும்போது வாசலில் மெதுவாக: “நீரு எழுதினத நீரே திருப்பி வாங்கும்.”

11 ஜூன், திங்கள்

காற்றோடு மழை. துடைப்பு 7.40, பன்னிரண்டு நிமிடம். எட்டுக் குறி.

நேற்று இரவு முழுவதும் பத்தி 4ஐப் பற்றியே யோசனை. ஒன்று தெளிவானது. அந்தப் பத்தியில் உள்ள எதையும் நான் கண்ணால் கண்டதில்லை. கதவு சாத்தியிருந்தது. குரலைக் கேட்டேன், அவ்வளவே. செவிவழிச் செய்தி. எதிர்த்தரப்புச் சாட்சி இப்படி ஒன்றைச் சொன்னால் பாதி வாக்கியத்தில் எழுந்து ஆட்சேபித்திருப்பேன். நானே அதைக் கண்டதுபோல் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்.

10 மணிக்கு மேலாளரிடம் சென்றேன். கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புவதாகச் சொன்னேன். பதிவேட்டில் ஏறியதைத் தர இயலாது என்றார். எதிர்பார்த்தேன். அடுத்து, நான் நேரில் கண்ட சாட்சி அல்ல, ஆகவே பத்தி 4ஐக் கொண்டு ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பது முறையல்ல என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சரி சார். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க எழுதினது நடக்கல்லன்னு சொல்லுகீங்களா? நடக்கல்ல, நான் வயசான காலத்துல தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதித் தாங்க. நான் இந்த ஃபைல இப்பவே மூடுகேன். புஷ்பம் நாளைக்கே மேல வரும்.”

தாளும் தந்தார். என் பக்கமாக நகர்த்தி வைத்தார். உண்மையிலேயே உதவத்தான் நினைத்தார் என்று நம்புகிறேன்.

எழுதவில்லை.

ஏன் என்று இப்போதும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. நடந்தது நடந்தது. நடக்கவில்லை என்று என் கையால் எழுத வேண்டும். பேனா மூடியைத் திறந்து, பிறகு மூடினேன். “யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். “விசாரணை நாளைக்கு முடியும் சார்” என்றார்.

எஸ்தரிடம் இதைச் சொல்லவில்லை.

12 ஜூன், செவ்வாய்

தாள் மேசையில் கிடக்கிறது. வெற்றுத்தாள்.

9.30க்குப் பின்புறக் கொட்டகைக்குச் சென்றேன். புஷ்பம் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துவர்த்தில் துடைத்துக்கொண்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள், உட்கார.

“என்னத்துக்கு சாரே மழையில? வழுக்கும்.”

மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை சரியாக அமையவில்லை.

“விடுங்க. நல்லதுக்குத்தானே எழுதினிய. தூக்கப்பிடாதுன்னு எனக்கும் தெரியும், கையெழுத்து போட்டவதானே நான். துணைக்கு ஒரு ஆளு வரதுக்குள்ள அம்மா அரைமணிக்கூர் நனஞ்ச துணியில கெடக்கணும், அதான். இனி ஒண்ணும் எழுதாண்டாம், கேட்டியளா? நீங்க எழுத எழுத எனக்குத் துணி கூடுது.” சிரித்தாள். பிறகு: “அம்மா குளிச்சாவளா?”

“துடைத்தார்கள்.”

“தல?”

“இல்லை.”

அவள் சிரிப்பு போய்விட்டது. ஐந்து நாள் என்று விரலில் எண்ணினாள்.

“நீங்க குளிப்பாட்டுங்க சாரே. ஒங்க பெண்டாட்டிதானே? யாரு கேப்பா?”

ஒப்பந்தத்தில் கணவருக்குத் தடை இல்லை. மனதுக்குள் பிரிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். செய்முறையைச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். அவள் சொன்னபடி:

“நைட்டிக்கு மேலயே முண்டக் கெட்டணும். பொறவு நைட்டிய உள்ளருந்து உருவணும். அப்ப ஒண்ணும் தெரியாது.”
“அவிய இடது கைய ஒங்க கழுத்துல. ஒங்க கால அவிய காலுக்கு அண்டக் குடுக்கணும்.”
“எடுத்ததும் தலையில ஊத்தப்பிடாது. காலுல ஊத்தி, பைய மேல வரணும். பேசிக்கிட்டே ஊத்துங்க. பேசல்லன்னா அவியளுக்குப் பயம்.”

“என்ன பேச?”

“எனக்கிட்ட கேட்டா? அம்பது வருசமா என்னதான் பேசினிய?”

நாற்பத்தொன்பது.

திரும்பி வந்தபின் தாளை எடுத்தேன். “பத்தி 4இல் கண்ட விவரங்கள்” என்பது வரை எழுதினேன். அங்கேயே நின்றது. மாலை 5க்கு அலுவலகம் பூட்டினார்கள்.

13 ஜூன், புதன்

5.30க்கு எழுந்தேன். மின்சாரம் உண்டு, ஆயினும் அடுப்பிலேயே வெந்நீர். முழங்கையால் பார்த்துக் கலந்தேன். குளியலறையில் நாற்காலி, செம்பு, சோப்பு, துவர்த்து: அடுக்கி வைத்தேன்.

எஸ்தர் என் கையில் முண்டைக் கண்டதும், “நீங்க… வேண்டாம்.”

“கண்ணை மூடிக்கொள்கிறேன்.”

“மூடினா… விழுவிய.”

அவளே சிரித்துவிட்டாள். பிறகு சம்மதம்போல் இடது கையைத் தூக்கித் தந்தாள். நைட்டிக்கு மேல் முண்டு கட்டினேன். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாம் முறை அவளே ஒற்றைக் கையால் முனையைச் செருகிக்கொண்டாள். நைட்டியை உருவ, அனைத்துமாகப் பதினோரு நிமிடம். அவள் கை என் கழுத்தைச் சுற்றி. மூன்று எண்ணினேன்.

ஒரு சாண் எழுந்திருப்பாள். என் வலது முழங்கால் மடங்கியது. அவளை விடவில்லை, அதனால் இருவரும் சேர்ந்து கட்டில் ஓரமாகவே வழிந்து தரையில் இறங்கினோம். அடி இல்லை. ஆனால் எழ முடியவில்லை. மணிப்பொத்தான் தலையணைப் பக்கம், கைக்கெட்டாத உயரத்தில். எஸ்தர் தலை என் தோளில். ஆறு நாள் கழுவாத தலை. இருவரும் எதுவும் பேசவில்லை. பேசிக்கொண்டே செய்யவேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

தங்கையாவைக் கூப்பிட்டேன். கதவு தாழிட்டிருக்கவில்லை, கம்பை ஊன்றி வந்தார்.

“ரெண்டு பேரும் தரையில என்ன ஓய் செய்யிய? புதுக் கல்யாணமா?” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், உடனே பொத்தானை அழுத்தினார். போர்வையை எடுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, எஸ்தர் தோளில் போட்டார்.

நான்கு நிமிடத்தில் ஷைனியும் பிந்துவும். எண்ணித் தூக்கி எஸ்தரைக் கட்டிலில் சேர்த்தார்கள். திறமையாகத் தூக்கினார்கள், எழுதத்தான் வேண்டும். “எனக்கு ஒரு விளி விளிக்கப்பிடாதா சார்” என்று ஷைனி கேட்டபோது கோபம்கூட இல்லை. கலந்து வைத்த வெந்நீரைச் சாய்த்து ஊற்றினாள். அந்தச் சத்தம் கட்டில் வரைக்கும் கேட்டது.

சம்பவப் படிவத்தில் ‘விழுதல்’ என்று எழுதினார்கள்.

14 ஜூன், வியாழன்

மேலாளர் நேரில் வந்தார். கட்டிலின் இருபுறமும் கம்பித் தடுப்பு. வெளிக்கதவு பகலில் தாழிடக்கூடாது. குடும்பத்தினர் தூக்குதல் கூடாது: தனித்தாளில் என் கையொப்பம். படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஒப்பமிட்டேன்.

“புஷ்பம்?” என்று கேட்டேன்.

“வார்னிங் மட்டும்தான் சார் குடுத்தோம். துணி வேலையில இருன்னுதான் சொன்னோம். அதுவாத்தான் போகுது. குளச்சல்ல ஏதோ மீன் கம்பெனியாம்.”

மதியம் தங்கையா சொன்னார்: காலையிலேயே பையோடு போய்விட்டாளாம். மேலே வந்து சொல்லிக்கொண்டு போக விடவில்லையா, அவளே வரவில்லையா, தெரியவில்லை. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

எஸ்தருக்குத் தடுப்புக் கம்பி பிடிக்கவில்லை. இடது கையால் அதை அசைத்து அசைத்துப் பார்த்தாள்.

மாத்திரை: காலை ஒன்று மறதி. மாலையில் போட்டுக்கொண்டேன்.

15 ஜூன், வெள்ளி

தூறல். குளியல் நாள்.

7.05க்கு இருவரும். எஸ்தர் முண்டைக் கேட்டாள். சொல் தெளிவாகவே வந்தது. பிந்து என்னைப் பார்த்தாள். நான் ஷைனியைப் பார்த்தேன்.

“பாட்டி, முண்டு கெட்டினா எங்களுக்குத்தான் திட்டு. இப்பம் கழியும், பாத்துக்கிடுங்க.”

இருவராகத் தூக்கி, சக்கரம் வைத்த நாற்காலியில், போர்வை சுற்றி உள்ளே கொண்டு போனார்கள். கதவருகே போர்வை வெளியே வந்து கொக்கியில் மாட்டப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. நான் என் நாற்காலியில்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம். குழாயிலிருந்து ஒரே சீராக. பேச்சு இல்லை.

“ஏங்க.”

எழுந்து கதவருகே நின்றேன்.

“ஏங்க.” இரண்டாம் முறை சற்று உரக்க. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்கிற குரல்.

“இருக்கிறேன்” என்றேன். குழாய்ச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. கைப்பிடியில் கை வைத்தேன். “சார், உள்ள வரப்பிடாது, தரை வழுக்கும்” என்றது பிந்துவின் குரல். கையை எடுத்தேன். மூன்றாம் முறை அவள் கூப்பிடவில்லை.

பதினான்கு நிமிடம். தலையும் கழுவியிருந்தார்கள். சோப்பு வாசனை. நன்றாகவே துவட்டி, புது நைட்டி போட்டு, படுக்கையில் சேர்த்து, தடுப்பை உயர்த்தினார்கள். சிராய்ப்போ வழுக்கலோ இல்லை.

ஷைனி ஒரு தாளை நீட்டினாள். குளியல் நாளுக்கு மட்டும் உரியதாம். உறவினர் கருத்து: திருப்தி / திருப்தியில்லை. இல்லையெனில் காரணத்தை விவரமாக எழுதவும்; பணியாளர் பெயர் குறிப்பிடவும்.

“நேத்து கீழ ஒரு சாரு ‘இல்ல’ன்னு போட்டதுக்கு, எங்க ரெண்டு பேரையும் ஒரு மணிக்கூர் நிக்க வச்சுக் கேள்வி கேட்டாவ சார்” என்றாள். வேண்டிக்கொள்ளும் தொனி இல்லை. தகவல்.

பேனாவைத் திறந்தேன். ‘திருப்தி’ என்பதற்கு நேரே குறியிட்டு, பெயர், தேதி, நேரம் 7.31 எழுதிக் கையொப்பமிட்டேன். உண்மையல்லாத ஒன்றில் கையொப்பமிட்டது இதுவே முதல் முறை. எளிதாகவே இருந்தது. திங்களன்று புஷ்பத்துக்காக ஒரே ஒரு வரிதான் கேட்டார்கள்.

எஸ்தர் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்து இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. விடுவிக்கப் பார்த்தேன், விடவில்லை. காலை உணவை அப்படியே ஊட்டினேன். 12 மணிக்கும் பிடி தளரவில்லை. கஞ்சியையும் அப்படியே ஊட்டினேன்.